மருந்து பிசைகிறவரின் லீவு

வேலை நாளெல்லாம் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிற மனுஷனுக்கு, லீவு நாளில் மட்டும் எப்படி உடம்புக்கு வரும்? அவளைக் குடைந்த கேள்வி அதுதான். யார் பெண்டாட்டியாக இருந்தாலும் கேட்கத்தான் செய்வாள்.

கணவனுக்கு ராக்கெட் தொழிற்சாலையில் மருந்து பிசைகிற வேலை. ராக்கெட்டை உந்தித் தள்ளுகிற எரிபொருளுக்கு அங்கே எல்லோரும் வைத்திருக்கும் பெயர் மருந்து. மாவு பிசைவது மாதிரிதான், பிசைந்து குழாயில் அடைத்தால் தீர்ந்தது. பதினோரு வருஷமாக ஆறு நாளும் விசிலடித்துக்கொண்டு போவான், விசிலடித்துக்கொண்டு வருவான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஆனால் போதும், முகம் சுண்டிவிடும். நெஞ்சைத் தேய்த்துக்கொள்வான். "ஒண்ணுமில்லை, வாயு" என்பான். "கொஞ்சம் காலாற நடந்துட்டு வரேன்" என்று கிளம்பிவிடுவான்.

அந்த நடை எங்கே போய் முடிகிறது என்பதை எதிர்வீட்டுக்காரிதான் சொன்னாள். குவார்ட்டர்ஸின் கடைசி வரிசை, தையல்காரி வீடு. தையல்காரிக்குச் சின்ன வயசு, போன வருஷம்தான் புருஷனைப் பறிகொடுத்தவள். அவனும் மருந்து பிசைந்தவன்தான், இவன் தோளில் கை போட்டுத் திரிந்த சிநேகிதன். "சட்டை கிட்டை தைக்கக் குடுத்திருப்பாரா இருக்கும்" என்று எதிர்வீட்டுக்காரி ஒரு சிரிப்பு வேறு சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கே நாலு அறை விடலாம்.

போதாக்குறைக்கு ஒரு தொப்பி. வேலை உடுப்பு எதுவும் தொழிற்சாலை கேட்டைத் தாண்டி வெளியே வரக் கூடாது. இவன் பழைய துணித் தொப்பி ஒன்றைத் தலையணை உறைக்குள் ஒளித்துவைத்து, லீவு நாளில் திருட்டுத்தனமாக முகர்ந்துகொண்டிருந்தான். கதவிடுக்கு வழியாகப் பார்த்துவிட்டாள். அவன் போனதும் எடுத்து மோந்து பார்த்தாள். லேசாகத் தித்திப்பு வாடை. கொஞ்ச நேரத்தில் தலை விண்ணென்று தெறித்தது. கோபத்தில்தான் தெறிக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

இந்த முறை பிசைகிற மெஷின் பழுதானதால் சேர்ந்தாற்போல் மூன்று நாள் லீவு. முதல் நாளே தொப்பியைச் சோப்புப் போட்டு அடித்துத் துவைத்து, அவன் கண்ணில் படும்படி கொடியில் காயப்போட்டாள். அவன் பேயறைந்தவன் மாதிரி நின்றான்.

"இதை எதுக்குத் துவைச்சே?"

"ஏன், ஒரு அழுக்குத் தொப்பியிலே அப்படி என்ன ரகசியம்?"

அவன் ஈரத் தொப்பியைக் கொடியிலேயே விட்டுவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டான். அதற்கப்புறம் இவளுக்குச் சந்தேகம் என்கிற பேச்சே இல்லை, நிச்சயம்தான்.

மூன்றாம் நாள் மத்தியானம், நெஞ்சைப் பிடித்துக்கொண்டே சட்டையை மாட்டினான்.

"இப்படி வேர்த்து ஊத்துது, இதிலே நடை வேறயா? யார் காதுலே பூ சுத்தறீங்க? பேசாம படுங்க. இன்னைக்கு நான் நடந்துட்டு வரேன்."

கதவை வெளியே பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். என்ன நடிப்பு, என்ன நடிப்பு என்று வழியெல்லாம் பொருமினாள். இத்தனை வருஷம் ஒன்றாக வாழ்ந்தது இப்படிக் கைவிட்டுப் போகிறதே என்று பாதி வழியில் அழுகையும் வந்தது.

தையல்காரி மெஷினை மிதித்துக்கொண்டிருந்தாள்.

"என் வீட்டுக்காரர் இங்கே எதுக்கு வர்றார்? மறைக்காம சொல்லு."

அவள் பதறவில்லை. அதுவே இவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"வருவாருக்கா. படியேற மாட்டார். வாசல்லயே நின்னு ஒரே கேள்விதான். அன்னைக்கு உன் வீட்டுக்காரருக்கு வலி எந்தப் பக்கம் ஆரம்பிச்சுதும்மா, கைக்கு இறங்குச்சா, வேர்த்துச்சான்னு. நானும் எத்தனை தடவைதான் அதைச் சொல்றது?"

"அதை எதுக்கு அவர் கேக்கணும்?"

"பயம்தான். எங்க வீட்டுக்காரரும் லீவுலேதானே போனார். அந்த மருந்து தினமும் மூச்சுலயும் தோல்லயும் ஏறி ரத்தக்குழாயை விரிச்சே வெச்சிருக்குமாம். உடம்பு அதுக்குப் பழகிடுமாம். ஒரு நாள் கிடைக்கலேன்னாலே சுருங்க ஆரம்பிக்குமாம், ரெண்டு மூணு நாள் ஆனா நெஞ்சையே அடைச்சுடுமாம். டாக்டர் சொன்னார், எல்லாம் முடிஞ்சப்புறம். அதனாலேதான் சில பேரு மருந்து படிஞ்ச தொப்பியைக் கொண்டுவந்து மோந்துக்கறாங்க. வெளியே தெரிஞ்சா வேலை போயிடுமே." மிதிப்பதை நிறுத்தினாள். "இது எத்தனாவது நாள் லீவுக்கா?"

"மூணு." சொல்லிக்கொண்டே இடுப்பிலிருந்த சாவியைத் தொட்டாள். "வேர்த்து ஊத்திட்டிருந்தார்டி. நான் கதவைப் பூட்டிட்டு வந்துட்டேன்."

தையல்காரி பெட்டியைக் கவிழ்த்து ஒரு மாத்திரைச் சீசாவை எடுத்தாள். "டாக்டர்கிட்ட சொல்லி இவருக்குன்னுதான் வாங்கி வெச்சேன். இதை எங்கே வாங்கினீங்கன்னு நீங்க கேப்பீங்களாம், வேண்டாம்னுட்டார். நாக்குக்கு அடியிலே வைங்க. ஓடுங்க, நான் வண்டி பிடிச்சுட்டு வரேன்."

ஓடினாள். சாவி பூட்டுக்குள் நுழைய மூன்று தடவை மறுத்தது. கதவைத் தள்ளினால் பாதிதான் திறந்தது. அவன் கதவுக்குப் பின்னாலேயே விழுந்து கிடந்தான். உள்ளே நெருக்கிப் புகுந்து, அவன் தாடையைப் பிடித்து மாத்திரையை நாக்கடியில் வைத்தாள்.

"எந்தப் பக்கங்க வலிக்குது?"

அவன் அவளையே பார்த்தான். எங்கே போய்விட்டு வந்தாள் என்பது அந்தக் கேள்வியிலேயே அவனுக்குத் தெரிந்துவிட்டது. இடது பக்கத்தைத் தொட்டுக் காட்டினான்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லே!" அவள் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். மெல்ல மெல்ல அவன் மூச்சு சீரானது.

"அழாதே" என்றான். "நாளைக்கு மெஷின் ஓடும். வேலைக்குப் போனா சரியாயிடும்."

போகாதீங்க என்று சொல்ல வாயெடுத்தாள். போகாவிட்டால் நாளைக்கு நாலாம் நாள். போங்க என்று சொல்லவும் நாக்கு எழவில்லை. வெளியே வண்டி வந்து நின்றது.