இருவருக்கு ஒரு கேபின்

இடது கை உள்ளே போகவில்லை. சித்ராதேவி மாமியாரின் தோளை ஒரு கையால் தாங்கி, மறு கையால் ரவிக்கையை விரித்துப் பிடித்து, மூன்றாவது முறையாக முயன்றாள். வலது கை முதலிலேயே நுழைந்துவிட்டது. இடது கை முழங்கையோடு நின்றது. உயிரோடு இருந்தபோது விலை பேச வந்த எந்த ஏஜெண்டுக்கும் வளையாத பழனாயி, போன பிறகும் வளைவதாக இல்லை.

"கத்திரியை எடு அம்மிணி," என்றாள் குன்னத்தூர்ப் பெரியத்தை. பழனாயியின் மூத்தார் சம்சாரம்; எட்டு மணிக்கே வந்து காரியங்களைக் கையில் எடுத்துக்கொண்டிருந்தாள். "முதுகுல ரெண்டா வெட்டி முன்னால போர்த்திட்டா ஆருக்குத் தெரியப்போவுது? எல்லா ஊட்டுலயும் அப்பிடித்தான் பண்றாங்க."

சித்ராதேவி கத்திரியை எடுக்கவில்லை. ஒரு பனியனில் ஒரு தையல் விட்டிருந்தாலும் மொத்தப் பெட்டியையும் பிரிக்க வைத்தவள் இந்த மனுஷி. இவளை வெட்டிய துணியோடு அனுப்ப அவளுக்கு மனம் வரவில்லை.

விடியற்காலையில் பால் காய்ச்சப் போன பழனாயி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். டாக்டர் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. உட்காருவதற்கு முன்னால் அடுப்பை அணைத்திருந்தாள். கேஸ் வீணாகவில்லை.

"எடது கைதான் மொதல்ல போடணும் மேடம்."

கதவிடுக்கில் வெந்நீர்க் குடத்தோடு நின்றிருந்தாள் விஜயராணி. பழனாயியின் பனியன் கம்பெனியில், தைத்ததைச் சரிபார்க்கும் செக்கிங் செக்ஷனுக்குச் சூப்பர்வைசர். தென்காசிப் பக்கத்திலிருந்து திருப்பூருக்கு வந்து இருபத்து நாலு வருடம் ஆகியும் பேச்சை மட்டும் மாற்றிக்கொள்ளாதவள். "வலதக் கழட்டிட்டு எடதுலருந்து வாங்க. அக்காவுக்கு அந்தத் தோளு நாலு வருசமா தூக்க முடியாது."

"நீ உள்ள வா ராணிக்கா," என்றாள் சித்ராதேவி.

பெரியத்தை முகத்தைச் சுளித்தாள். "பங்காளி ஊட்டுப் பொம்பளைங்க இத்தன பேரு இருக்கறப்ப, கம்பெனிக்காரப் புள்ளைக்கு இங்கென்ன வேலை?"

"நாலு ராத்திரி அத்தைகூட ஒரே ரூம்ல படுத்தவங்க பெரியத்தை. நமக்குத் தெரியாதது அவங்களுக்குத் தெரியுமுங்க."

சொன்ன பிறகுதான், அந்த வார்த்தை தன் தொண்டையிலேயே கீறிக்கொண்டு போனது சித்ராதேவிக்குத் தெரிந்தது. இரண்டு வருடமாக அங்கே கிடக்கிற முள் அது.

தையல் நூல் கம்பெனி ஒன்று, அந்த வருடம் அதிகமாக நூல் வாங்கியவர்களுக்குச் சிங்கப்பூர்க் கப்பல் பயணம் பரிசு கொடுத்தது. நாலு ராத்திரி, ட்வின் ஷேரிங், ஒரு கேபினுக்கு இரண்டு பேர். கடிதத்தைப் படித்துத் தமிழில் சொன்னதே சித்ராதேவிதான். பானங்களுக்கான பேக்கேஜ் தனி, சர்வீஸ் சார்ஜ் தனி என்று கடைசிப் பக்கத்தில் பொடியெழுத்தில் இருந்ததையும் கண்டுபிடித்துச் சொன்னாள். மாமனார் இறந்து வருடங்களாகிவிட்டன. மாமியாரோடு போகிற இரண்டாவது ஆள் யார் என்று அவளுக்குச் சந்தேகமே இல்லை. பாஸ்போர்ட்டைத் தேடி எடுத்து வைத்தாள். தன் அக்காளிடம் நல்ல சூட்கேஸ் இருக்கிறதா என்றுகூடக் கேட்டிருந்தாள். பழனாயி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "செக்கிங் ராணிக்குப் பாஸ்போர்ட் எடுத்துக் குடு கண்ணு," என்றாள்.

எடுத்துக் கொடுத்தாள். சொந்தக்காரர்கள் கேட்டபோது, "எனக்குத் தண்ணின்னா தலை சுத்துமுங்க," என்றாள். மாமியார் கணக்கில் தான் என்ன விலைக்குப் போகிறோம் என்பது மட்டும் அன்றிலிருந்து தெரியவில்லை. கேட்கவும் மானம் விடவில்லை. இனிக் கேட்கவே முடியாது.

விஜயராணி கதவைச் சாத்திவிட்டு வந்தாள். பழனாயியை வலப்பக்கமாக ஒருக்களித்து, தன் முழங்காலை முதுகுக்கு முட்டுக் கொடுத்து, இடது கையை உடம்போடு ஒட்டினாற்போலவே வைத்து ரவிக்கையை மேலே ஏற்றினாள். கை தூக்கப்படவே இல்லை. துணிதான் கையைத் தேடிப் போனது. பிறகு வலது கை. ஊக்குகளைச் சித்ராதேவி போட்டாள். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

"எங்கிட்ட ஒரு நாளும் போட்டுவிடச் சொன்னதில்லை," என்றாள் சித்ராதேவி. "கதவைச் சாத்திட்டு கால் மணி நேரம் உள்ளயே இருப்பாங்க."

"எங்கிட்டயும் கேக்கல மேடம். கேபின்ல கதவச் சாத்திட்டுத் தனியா நிக்க எடம் ஏது? பாத்ரூமுக்குள்ள ஒருத்தி திரும்புனா இன்னொருத்தி வெளிய போவணும். மொத நாளு நானாப் போயிப் பிடிச்சேன். 'ஏம்புள்ள, நான் என்ன கொழந்தையா'ன்னாவ. ரெண்டாம் நாளு அவியளே கைய நீட்டிட்டாவ."

பெரியத்தை தலைமாட்டில் உட்கார்ந்து சிக்கெடுக்கத் தொடங்கியிருந்தாள். வெடுக்கென்று கேட்டாள்: "பெத்த பையன் இருக்க, மருமக இருக்க, உன்னைக் கூட்டிட்டுப் போயி அப்பிடி என்னதான் பண்ணுனீங்க கப்பல்ல?"

"சண்டை போட்டோம்," என்றாள் விஜயராணி.

சேலையின் கொசுவத்தை மடித்தபடியே சொல்ல ஆரம்பித்தாள். "உள்ள போனா ஜன்னலே இல்ல. அக்கா சுவத்தத் தட்டிப் பாத்தாவ. 'ஓசின்னதும் நம்மள குடோன்ல போட்டுட்டானாட்ட இருக்குது'ன்னாவ. பொறவு ஜூசு பேக்கேஜ். ஒருத்தி வாங்கணும்னா, அதே ரூம்ல இருக்க இன்னொருத்தியும் வாங்கியாகணுமாம். எதுக்குன்னு அக்கா ரொம்ப நேரம் யோசிச்சாவ. 'ஒரு கார்டுல ரெண்டு பேரும் குடிச்சிருவோம்னு தெரிஞ்சிருக்குது ராணி. இந்தச் சட்டம் போட்டவன் நம்மூர்க்காரனாத்தான் இருப்பான்'னாவ. வாங்கல. மாடியில டீ சும்மாக் குடுத்தான். பிளாஸ்குல ஊத்தி வச்சுக்கிட்டோம்."

மூலையிலிருந்த பெண்களில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள்.

"அந்தப் பொடியெழுத்து சர்வீஸ் சார்ஜ் இருந்துதே, அதான் பெரிய கூத்து. அக்கா அத ரூமுக்கு ஒண்ணுன்னு நெனச்சிருந்தாவ, லாரி வாடகை மாதிரி. எத்தன பேரு ஏறுனாலும் ஒரே வாடகைன்னு. அது ஆளுக்கு ஒண்ணு, நாளுக்கு ஒண்ணு, ரூம் கணக்குல தானா ஏறும்னு சொன்னதும் மூஞ்சி மாறிட்டு. தொந்தரவு பண்ணாதீங்கன்னு ஒரு அட்டை இருந்துது. அத எடுத்துக் கதவுல மாட்டிட்டாவ. 'நாம வேலையே வாங்காத இருந்தா கூலி எப்பிடிக் கேப்பான்? பீஸே அடிக்காதவனுக்கு எந்த ஊருல பீஸ் கணக்குக் கூலி'ன்னாவ. நாலு நாளும் நாங்களே பெட்ஷீட்டை விரிச்சு, நாங்களே துண்டைத் தொவைச்சு, நாங்களே குப்பையக் கொண்டுபோய்ப் போட்டோம்."

சித்ராதேவிக்கும் சிரிப்பு வந்தது. திருப்பூரில் பாதிப்பேர் அதைத்தான் செய்திருப்பார்கள். மீதிப்பேர் குப்பையைப் போட்டதற்குக் கழிவும் கேட்டிருப்பார்கள்.

"அந்த ரூமப் பாக்குற ஆளு இந்தோனேசியாக்காரரு. நம்ம வயசு இருக்கும். தெனமும் வண்டியத் தள்ளிக்கிட்டு வருவாரு, அட்டையப் பாப்பாரு, போவாரு. மூணாம் நாளு என்னைய வராந்தாவுல மறிச்சு, நெஞ்சுல கைய வச்சு, நான் என்ன தப்புப் பண்ணேன்னு கேக்க மாதிரி நின்னாரு. ரூமுக்குள்ள விடலன்னா அவருக்கு மேல உள்ளவன் கேப்பான்போல. எனக்கு ஒரு மாதிரி ஆயிட்டு. கடைசி நாளு பில்லு வந்துது. ஒரு பைசா கொறையல. அக்கா நேரா ஆபீஸ் கவுன்டருக்குப் போயி முழங்கைய ஊனிட்டாவ."

பழனாயி முழங்கையை ஊன்றினால் என்ன அர்த்தம் என்று அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். எதிரில் இருப்பவர் ஊருக்குப் போன் செய்து, வரத் தாமதமாகும் என்று சொல்லிவிடுவது நல்லது.

"கவுன்டர்ல இருந்தது நம்ம நாட்டு வடகிழக்குப் பக்கத்துப் பொண்ணு. அக்கா கம்பெனில பொறுக்குன இந்தியில, 'காம் நஹி, பைசா கைசே'ன்னாவ; வேலையே வாங்கல, காசு எப்பிடின்னு. அந்தப் பொண்ணு பொறுமையாச் சொல்லிச்சு. இது அந்த ஒரு ஆளுக்கு மட்டும் போறதில்ல, கீழ தட்டு கழுவுறவன், துணி தொவைக்கிறவன், நீங்க கண்ணால பாக்காத அத்தன பேருக்கும் பிரியும்னு. அக்கா விடுற மாதிரி இல்ல. நான்தான் மேடம் வாய விட்டுட்டேன்."

விஜயராணி மடிப்பை நிறுத்தினாள்.

"நேராவே சொன்னேன். அக்கா, ஆர்டர் இல்லாத நாளு நம்ம செக்கிங்லயும் இப்பிடித்தானே. காலையில வந்து மேசைக்கு முன்னால நிப்போம். பீஸ் வராது. மத்தியானம் 'இன்னைக்கு ஒண்ணுமில்ல, போங்க'ன்னுவீங்க. நாங்க வேலை செய்யமாட்டேன்னா சொன்னோம்? நீங்கதான அட்டையத் தொங்கவிட்டீங்கன்னேன்."

பெரியத்தையின் சீப்பு பாதித் தலைமுடியில் நின்றது.

"திட்டுவாவன்னு நெனச்சேன். முழங்கைய எடுத்தாவ. பணத்தக் கட்டிட்டு வந்தாவ. அட்டையக் கழட்டிட்டுக் கதவத் தெறந்து வச்சுக்கிட்டு, அந்த ஆளு வாற வரைக்கும் நின்னாவ. வந்ததும் உக்காரச் சொன்னாவ. அவரு உக்காரல. அக்காவும் உக்காரல. சாம்பிளுக்குக் கொண்டுவந்த பிள்ளைக பனியன் ஒரு செட்டு இருந்துது. அத ரெண்டு கையாலயும் குடுத்தாவ. அவ்வளவுதான்."

ஊருக்குத் திரும்பிய மூன்றாம் நாள், ஆர்டர் இல்லாமல் காத்திருக்கிற நாளுக்கும் செக்கிங் பெண்களுக்கு அரை நாள் கூலி உண்டு என்று பழனாயி சொன்னதும், மகன் அருண்குமார் ஒரு வாரம் மல்லுக்கு நின்றதும் சித்ராதேவிக்கு நினைவிருந்தது. காரணம் கேட்டவனுக்கு, "கப்பல்ல எழுதிப் போட்டிருந்துச்சு," என்று மட்டும் பதில் வந்தது.

சேலையைக் கட்டி முடித்தார்கள். சித்ராதேவி முந்தானையைச் சரிசெய்தபடி, மாமியாரின் முகத்தைப் பார்த்துக்கொண்டே, விஜயராணியிடம் கேட்டாள். குரல் சாதாரணமாக இருக்கவேண்டும் என்று பார்த்துக்கொண்டாள்.

"என்னை ஏன் கூட்டிட்டுப் போகலைன்னு எப்பவாச்சும் சொன்னாங்களா ராணிக்கா?"

விஜயராணி பெரியத்தையை ஒருமுறை பார்த்தாள். பிறகு சொன்னாள். "மொத நாளு ராத்திரியே நான் கேட்டேன் மேடம். மருமகளக் கூட்டிட்டு வந்திருக்கலாமேன்னு. அக்கா எந்திரிச்சு உக்காந்துட்டாவ. 'உனக்குப் பைத்தியமா புள்ள? அவளைக் கூட்டிட்டு வந்துட்டா அங்க ஆரு இருக்கறது? அருணு என் பையன்தான், தங்கமான பையன். ஆனா எவனாச்சும் மூஞ்சியத் தொங்கப்போட்டா ரேட்டுல எறங்கிடுவான். சித்ரா எறங்கமாட்டா. அவ ஆபீஸ்ல என் நாற்காலில இருக்கறதனாலதான் நான் இங்க காலை நீட்டிப் படுத்திருக்கறேன். இருபது வருசத்துல இப்பத்தான் ஊரை விட்டு வெளிய வந்திருக்கறேன், அது எதனாலன்னு நெனச்சே'ன்னாவ."

அவர்கள் கப்பலில் இருந்த அந்த வாரம்தான், சரக்கு வாங்கும் பையரின் ஆள் ஒருவன் சாயம் ஒத்துப்போகவில்லை என்று தள்ளுபடி கேட்டு வந்திருந்தான். சித்ராதேவி அவன் கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொண்ட பழைய சாம்பிளை மேசை மேல் வைத்துவிட்டு, மூன்று முறை காபி கொடுத்தாள். சாயங்காலம் சரக்கை முழு விலைக்கு ஏற்றிக்கொண்டு போனான். திரும்பி வந்த பழனாயி ஃபைலைப் புரட்டிப் பார்த்தாள். "காபில சர்க்கரை தூக்கலா இருந்துச்சாமே," என்றாள். வேறு ஒரு வார்த்தை இல்லை.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லீங்க," என்றாள் சித்ராதேவி. விஜயராணிக்குச் சொன்னாளா, படுத்திருந்தவளுக்கா என்று தெரியவில்லை.

"நானும் அதத்தான் கேட்டேன். 'சொன்னா வெலை ஏறிக்கும்'னாவ."

பெரியத்தை முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று பார்க்க யாரும் குனியவில்லை.

சித்ராதேவி முகத்தைக் கழுவிக்கொண்டு பந்தலுக்கு வந்தாள். பாதி ஊர் நாற்காலிகளில் இருந்தது. அருண்குமார் கண்கள் வீங்கி நின்றிருந்தான். அவன் தோளில் ஒரு கையும் ரோஜா மாலையில் ஒரு கையுமாக, ஆர்டர் பிடித்துத் தரும் ஏஜெண்ட் முருகவேல் அவன் காதோரம் பேசிக்கொண்டிருந்தார்.

"…இந்த நேரத்துல பேசக்கூடாதுதான். அம்மா இருந்தவரைக்கும் அவங்க பிடிவாதம் அவங்களுக்கு. நீங்க நாலும் தெரிஞ்சவரு. அடுத்த ஆர்டருக்குப் பீஸுக்கு ஒண்ணரை ரூவா குறைச்சீங்கன்னா நான் இன்னைக்கே பேசி முடிச்சர்றேன்."

அருண்குமாரின் தலை அசையத் தொடங்கியிருந்தது. சித்ராதேவி அருகில் வந்து நின்றதும் அது பாதியில் நின்றது. அவன் அவளைப் பார்த்தான்.

"வாங்கண்ணா," என்றாள் அவள் முருகவேலிடம். "காலம்பறவே கிளம்பி வந்திருக்கறீங்க."

"தகவல் வந்ததும் ஓடியாந்தேன்ம்மா. எப்பேர்ப்பட்ட மனுசி. அதான் தம்பிகிட்ட…"

"ரேட்டு அத்தை சொன்னதுதானுங்க." குரலை அவள் உயர்த்தவில்லை. "மாலை நல்லாருக்குதுங்க. உள்ள போயிப் போடுங்க."

முருகவேல் அருண்குமாரைப் பார்த்தார். அருண்குமார் பந்தல் காலைப் பார்த்துக்கொண்டிருந்தான். முருகவேல் செருப்பைக் கழற்றினார். வாசலில் செக்கிங் பெண்கள் ஒருவர் பின் ஒருவராக நின்றிருந்தார்கள். அவர் மாலையை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு அந்த வரிசையின் கடைசியில் போய் நின்றார்.

சித்ராதேவி உள்ளே திரும்பினாள். பழனாயியைக் கூடத்துக்குக் கொண்டுவந்து கிடத்தியிருந்தார்கள். சுற்றிலும் பெண்கள் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கால்மாட்டில் மருமகளுக்கு இடம் விட்டிருந்தார்கள். அவள் அங்கே உட்காரப் போனபோது, தலைமாட்டிலிருந்த குன்னத்தூர்ப் பெரியத்தை பாயைத் தரையோடு இழுத்து ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து, தன் பக்கத்தில் அவளுக்கு இடம் விட்டாள்.