இரண்டாவது பூச்சு

"வாங்க ராணியம்மா! வழி தவறிட்டீங்களோ?"

முதியோர் இல்லத்துக் கட்டிலில் கிடந்தபடியே அண்ணன் ஹால்டோர் சிரித்தான். சிரிப்பு இருமலாக மாறியது. இன்னும் சில நாட்கள்தான் என்று செவிலி வாசலிலேயே சொல்லிவிட்டாள். அதற்குள் நான் சொல்லியாக வேண்டும்.

"அண்ணே, அந்த முப்பது கிலோமீட்டர் பந்தயம்..."

"இப்ப எதுக்குடி அது?"

இருபத்தாறு வருடங்களுக்கு முன் நார்வே அணியின் பனிச்சறுக்குப் பலகைகளுக்கு, ஸ்கீக்களுக்கு, மெழுகு பூசியவன் அவன். எனக்குத் தங்கம் நிச்சயம் என்றார்கள். அன்று காலை வெப்பநிலை பூஜ்யத்தில் நின்றது; எந்த மெழுகு சரி என்று கணிக்கவே கடினமான நிலை. அவன் கட்டி மெழுகு தேய்த்துக் கொடுத்தான். ஏற்றத்தில் வழுக்குமோ என்று எனக்குப் பயம். அவன் நகர்ந்ததும், பிடிப்பு அதிகம் தரும் பசை மெழுகைக் குழாயிலிருந்து பிதுக்கி அதன்மேல் பூசிக்கொண்டேன்.

புறப்படும் நேரத்தில் புதுப்பனி கொட்டியது. பசையில் பனி அப்பிக்கொண்டு, காலில் கல்லைக் கட்டியது போலானது. நாற்பத்தோராவதாக வந்தேன். மைக்கை நீட்டியவர்களிடம், "மெழுகு தப்பு" என்று மட்டும் சொன்னேன்.

மறுவாரமே அவனை வீட்டுக்கு அனுப்பினார்கள். பிறகு அவன் எந்த ஸ்கீயையும் தொடவில்லை. நான் மேலும் நான்கு வருடம் ஓடி, பதக்கங்களோடு ஓய்வுபெற்றேன்.

"பசை மெழுகு பூசினது நான்தான் அண்ணே."

"தெரியும்."

"எப்படி?"

"அன்னைக்குச் சாயங்காலம் அந்த ஸ்கீ மெழுகைச் சுரண்டினது யாரு? உன் மாமனாரா?"

"அப்பவே ஏன் சொல்லல?"

"மறுநாள் உனக்கு ரிலே. நீ உடைஞ்சா மத்த மூணு பொண்ணுங்களும் தோத்திருக்கும். அப்புறம்... நீயே வந்து சொல்லுவேன்னு பார்த்தேன்."

"மன்னிச்சிடு அண்ணே."

"ரொம்ப லேட்டுடி, ரன்வெய்க்."

அவன் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை.

மேசையில் அவனுடைய வாஃபிள் அப்பம் தொடப்படாமல் காய்ந்திருந்தது. சன்னலுக்கு வெளியே பனி விழ ஆரம்பித்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"வெளியே எவ்வளவு?"

சன்னலில் பொருத்தியிருந்த வெப்பமானியைப் பார்த்தேன். "பூஜ்யம்."

"என்ன பூசுவே?"

"நீ சொல்லு அண்ணே. நீ சொல்றதைத்தான் பூசுவேன்."

அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.