எட்டு மாதத்துக்கு ஓர் அடி

நான் செய்த இயந்திரம் இரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூடக் கணக்குத் தப்பியதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதைச் சொல்லிச் சொல்லித்தான் நான் இத்தனை நாள் மார்தட்டிக்கொண்டு திரிந்தேன்.

எங்கள் நகராட்சித் தகன மண்டபத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெட்டி உலைக்குள் போவதற்கு முன்னால், மேடைக்குப் பக்கத்தில் தொங்கும் பெரிய வெண்கலத் தட்டை, இறந்தவருக்கு எத்தனை வயசோ அத்தனை முறை அடிக்க வேண்டும். எழுபது வயசுக்காரருக்கு எழுபது. கடைசி அடி ஓய்ந்ததும் உலையின் கதவு திறக்கும். சேகண்டி போன்ற தட்டுதான், ஆனால் லாரி டயர் அகலம். சரியாக அடித்தால் சத்தம் நெஞ்சுக்குழி வரைக்கும் இறங்கும்.

முன்பெல்லாம் அதைக் கையால் அடித்தவரைத் தட்டுக்காரர் என்று கூப்பிடுவோம். நல்ல மனிதர், ஆனால் அறுபதைத் தாண்டினால் அவருக்கு எண்ணிக்கை நழுவிவிடும். ஒருமுறை எண்பத்திரண்டு வயசு அம்மாள் ஒருவருக்கு எழுபத்தொன்பதோடு நிறுத்திவிட்டார். நான்கு மகன்களும் அவருடைய சட்டையைப் பிடித்து, எங்கள் அம்மாவின் மூன்று வருஷம் எங்கே என்று கேட்டார்கள். அதற்குப் பிறகுதான் நகராட்சிக்காரர்கள் மோட்டாருக்குச் சுருள் கட்டும் என் கடையைத் தேடி வந்தார்கள்.

தட்டுக்காரருக்கு இதில் துளியும் வருத்தமில்லை. தோள்பட்டை தேய்ந்து சோற்றுக் கவளத்தைத் தூக்கவே கை நடுங்குகிறது, எடுத்துக்கொண்டு போய்த் தொலை என்று சிரித்தார். ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"தூங்குறவன எழுப்பாம அறைஞ்சா, அவனுக்குக் குரல் வருமா? இதுவும் அப்படித்தான். மொதல்ல தடியால லேசா தொட்டு எழுப்பிட்டு, அப்புறம் அடிக்கணும். அந்தத் தொடுறது யாருக்கும் கேக்காது. கணக்குலயும் வராது."

கேட்டுக்கொண்டேன். மண்டபத்துச் சுவருக்குப் பின்னால் ஒரு சின்ன அறையில் மோட்டாரையும் கியர் பெட்டியையும் உட்கார வைத்தேன். ஒரு சக்கரம் சுற்றும். அது கம்பளி சுற்றிய தடியைத் தூக்கிச் சுவரின் ஓட்டை வழியாகத் தட்டின்மேல் விடும். ஆறு விநாடிக்கு ஓர் அடி. ஆரம்பத்தில் தட்டைத் தொட்டு எழுப்புவதற்கென்றே அந்தச் சக்கரத்தில் தனியாக ஒரு சின்னப் பல்லும் வைத்திருந்தேன். மேற்பார்வையாளரின் அறையில் கண்ணாடிக்குள் இரண்டு திருகுகள், ஒன்று பத்துக்கு, ஒன்று ஒன்றுக்கு. வயசைத் திருகி வைத்துப் பூட்டிவிட்டால், மண்டபத்துச் சுவரில் அந்த எண் சிவப்பாக எரிந்து ஒவ்வோர் அடிக்கும் ஒன்று குறையும். சைபர் வந்ததும் உலையின் கதவு தானாகத் திறக்கும்.

சோதனை நாளன்று மேற்பார்வையாளர், இரண்டு திருகையும் சைபரில் வைத்தால் என்ன ஆகும் என்று கேட்டார். அடிக்காது, கதவு நேரே திறந்துவிடும் என்றேன். ஒரு வயசுகூட ஆகாதவன் இங்கே எங்கே சார் வரப்போகிறான் என்றும் சொன்னேன். இரண்டு பேரும் சிரித்தோம். டீ குடித்தோம்.

நான்கைந்து மாதத்தில் ஒரு புகார் வந்தது. முன்வரிசையில் உட்கார்ந்து விரல்விட்டு எண்ணிய ஒரு மருமகனுக்கு அந்தத் தொடுதல் காதில் விழுந்துவிட்டது. மாமனாருக்கு அறுபத்தாறு வயசுதான், அறுபத்தேழு அடித்தார்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். கணக்கில் குறை என்றால் எனக்குப் பொறுக்குமா? அன்றைக்கே போய் அந்தப் பல்லை அரவைக்கல்லில் வைத்து மழமழவென்று அரைத்து எடுத்துவிட்டேன். அதற்குப் பிறகு முதல் அடி மட்டும் தொப்பென்று விழும். இரண்டாவதில் தட்டு கொஞ்சம் முனகும். மூன்றாவதில்தான் குரல் திறக்கும். எழுபது எண்பது அடியில் முதல் அடியை யார் கவனிக்கப்போகிறார்கள்?

போன வருஷம் துக்கம் தாங்காத பேரன் ஒருவன் மேடையேறித் தட்டைக் காலால் உதைத்தான். அதற்கும் நான்தான் வழி கண்டுபிடித்தேன். தட்டைச் சுற்றிக் கம்பிவலைக் கூண்டு, எவன் கையை நுழைத்தாலும் எட்டாதபடி ஒரு சாண் இடைவெளி, கதவே கிடையாது, நான்கு பக்கமும் வெல்டிங். எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள்.

செவ்வாய்க்கிழமை விடிகாலையில் என் பேத்தி போய்விட்டாள். மூன்று நாள் காய்ச்சல், அவ்வளவுதான். எட்டு மாதம். கன்னம் இரண்டும் தொங்கும் என்பதால் அவளை உருண்டை என்று கூப்பிடுவேன். கூப்பிட்டால் வாயில் வைத்திருக்கும் விரலை எடுத்துவிட்டுச் சிரிப்பாள். மேலே இரண்டு பல், கீழே இரண்டு பல்.

வந்தவர்கள் ஆறுதல் என்று நினைத்துக்கொண்டு என்னென்னவோ சொன்னார்கள். ஒரு வயசுகூட ஆகவில்லையே, அதெல்லாம் கணக்கிலேயே வராது, மறந்துவிடு, வயசு இருக்கிறது, இன்னொன்று பிறக்கும் என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. என் மருமகள் அவளை ஏறிட்டும் பார்க்கவில்லை. என் மகன் பேச்சே இல்லாமல் மொட்டை மாடியில் போய் உட்கார்ந்துவிட்டான். எல்லோரும் கலைந்த பிறகு மருமகள் என்னிடம் வந்தாள்.

"மாமா, நாளைக்கு அவளுக்குத் தட்டு அடிப்பாங்கல்ல?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவளே தொடர்ந்தாள்.

"ஒரு தடவை அடிச்சாக்கூடப் போதும் மாமா. கணக்குலயே இல்லைங்கறாங்க. அவ இருந்தாங்கறதுக்கு ஒரு சத்தமாவது வேணும்."

"அடிக்கும்மா. நான் பாத்துக்கறேன்" என்றேன். அந்த இயந்திரத்தில் ஒரு திருகாணிகூட எனக்குத் தெரியாமல் இல்லை. இதைக்கூடச் செய்ய முடியாவிட்டால் நான் என்ன மெக்கானிக்?

எங்களுக்குப் புதன்கிழமை பதினொன்றரைக்கு நேரம் கொடுத்திருந்தார்கள். ஒன்பது மணிக்கே கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மண்டபத்துக்குப் போனேன். மேற்பார்வையாளர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். திருகை ஒன்றில் வையுங்கள் என்று கேட்டேன். அவர் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். வயசு என்ற கட்டத்தில் சைபர் என்று எழுதியிருந்தது. பதிவேட்டில் உள்ளதைத்தான் திருகில் வைக்க வேண்டும், அந்த விதியே உங்கள் இயந்திரத்தோடு வந்ததுதானே என்றார். சொல்லிவிட்டு அவருக்கே சங்கடமாகப் போய்விட்டது. கடைசியில், கர்ப்பத்தில் இருந்ததையும் சேர்த்தால் ஒரு வயசு தாண்டிவிடுகிறது, ஒன்று வைக்கிறேன், யார் கேட்டாலும் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன் என்றார். கும்பிட்டுவிட்டு வெளியே வந்தேன். மனசு கொஞ்சம் லேசானது. அந்த ஒரு மணி நேரம்தான் லேசாக இருந்தது.

பத்து மணிக்கு எண்பத்து நான்கு வயசுப் பெரியவர் ஒருவரைக் கொண்டுவந்தார்கள். கடைசி வரிசையில் நின்றேன். சுவரில் சிவப்பாக எண்பத்து நான்கு எரிந்தது. தடி எழுந்து விழுந்தது.

தொப்.

ஈரச் சாக்குமூட்டையைத் தரையில் போட்டதுபோல இருந்தது. அடுத்த அடியில் தட்டு முனகியது. மூன்றாவதில் திறந்துகொண்டு, மண்டபம் முழுக்க அந்தப் பெரிய குரல் நிறைந்தது. அதற்குப் பிறகு எட்டு நிமிஷம் அருமையாகப் பாடியது. நான் அதைக் கேட்கவில்லை. முதல் அடியிலேயே நின்றுவிட்டேன். என் உருண்டைக்குக் கிடைக்கப்போவது அது ஒன்றுதான்.

இயந்திர அறைக்கு ஓடினேன். சக்கரத்தைத் தடவிப் பார்த்தேன். பல் இருந்த இடம் வழவழவென்று இருந்தது. புதிதாக ஒன்று செய்து பொருத்த எனக்குப் பாதி நாள் வேண்டும், ஒரு மணி நேரம்தான் இருந்தது. சுவரின் ஓட்டையில் தடியைத் தவிர வேறெதையும் நுழைக்க இடமில்லை. சக்கரத்தைக் கையால் அசைத்துத் தடியை மெல்லத் தட்டின்மேல் சாய்க்கலாமா என்று பார்த்தேன். பிரேக் விடவில்லை. எவனும் கைவைத்துக் கணக்கைக் குழப்பக்கூடாது என்று அந்த பிரேக்கைப் போட்டவனும் நான்தான். அவ்வளவு கெட்டிக்காரன்.

மறுபடியும் மேற்பார்வையாளரின் அறைக்குப் போனேன்.

"சார், மூணுல வையுங்க. மூணாவது அடிலதான் சத்தம் வரும்."

"மூணா? ஒண்ணே பொய்யிண்ணே. வெளிய போர்டுல மூணுன்னு எரியும். நாளைக்கு இன்னொருத்தன் வந்து எங்கப்பாவுக்கு மட்டும் ஏன் குறைச்சீங்கன்னு நிப்பான்."

"பச்சக் குழந்த சார்."

"தெரியும்ண்ணே. எனக்கும் பிள்ளைங்க இருக்கு. மூணு மட்டும் கேக்காதீங்க."

அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. கணக்கு கணக்கு என்று அந்த ஆளைப் பிடித்து ஆட்டிவைத்தவன் நான். அவர் என் பாடத்தை எனக்கே ஒப்பித்தார்.

மண்டபம் காலியானதும் மேடையேறினேன். கூண்டின் வலைக்குள் விரலை நுழைத்தேன். முட்டிவரைக்கும்தான் போனது. தட்டு ஒரு சாண் தள்ளித் தொங்கியது. நீளமான திருப்புளி ஒன்றை எடுத்து அதன் நுனியில் கைக்குட்டையைச் சுற்றினேன். சுற்றினால் ஓட்டைக்குள் நுழையவில்லை. துணியை எடுத்துவிட்டு வெறும் இரும்பை நுழைத்தேன். நுனி தட்டில் பட்டு வழுக்கி, கிறீச்சென்று பல் கூசும்படி ஒரு சத்தம் வந்தது. மறுபடி குத்தினேன். மறுபடி கிறீச். இரும்பறுக்கும் ரம்பத்தால் கம்பியை அறுக்கலாம் என்று பெட்டிக்குள் கையை விட்டபோதுதான் வாசலில் என் ஆட்கள் வந்து நின்றிருப்பதைப் பார்த்தேன். மணி பதினொன்று இருபது. என் மகன் மேடைக்கு வந்து, திருப்புளியை என் கையிலிருந்து மெல்லப் பிடுங்கிக்கொண்டான். இரண்டு நாளில் அவன் வாய் திறந்தது அப்போதுதான்.

"போதும்ப்பா. வாங்க."

பெட்டியை அவனேதான் சுமந்து வந்து வைத்தான். என் கருவிப் பெட்டியைவிடச் சற்றே பெரியது. பெரியவர்களுக்காகப் போட்ட மேடையில் அது ஒரு மூலையில் கிடந்தது. மருமகள் என் பக்கத்தில் வந்து நின்று என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். கூண்டுக்குள் தொங்கும் தட்டைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளிடம் சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். முதல் அடி இப்படித்தான் இருக்கும், அதையே சத்தம் என்று எடுத்துக்கொள்ளம்மா என்று ஒரு வார்த்தை முன்னாலேயே சொல்லியிருக்கலாம். எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வேன்? ஒருவேளை என் திருப்புளி பட்டதிலேயே தட்டு விழித்திருக்கும் என்று மூடத்தனமாக ஓர் ஆசையும் இருந்தது.

சுவரில் சிவப்பாக ஒன்று என்று எரிந்தது. தடி எழுந்தது.

தொப்.

பின்வரிசையில் யாரோ இருமிய சத்தம் அதைவிடப் பெரிதாகக் கேட்டது. சிவப்பு எண் சைபர் ஆனது. உலையின் கதவு திறந்தது. பெட்டி தண்டவாளத்தில் நகர்ந்தது. இவ்வளவு லேசான பெட்டிக்கு அந்த மோட்டார் அதிகம். விசுக்கென்று உள்ளே போய்விட்டது.

மருமகள் பெட்டியைப் பார்க்கவில்லை. அவள் தட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். தடி இன்னொரு முறை எழும் என்று காத்திருந்தாள். உலையின் கதவு மூடியது. விளிம்பில் நான் ரப்பர் வைத்திருந்ததால் சத்தமே வரவில்லை. அவள் என் முழங்கையை லேசாக ஆட்டினாள்.

"மாமா, எப்ப அடிப்பாங்க?"

அடித்தாயிற்று என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அவள் பிடியை விடாமல், தட்டைப் பார்த்தபடியே நின்றுகொண்டிருந்தாள்.