நான்கு ஹெட்போனுக்கு ஒரே திருகு

அன்று மாடி அறையில் இருந்தவர்கள்: என் தம்பி ஜஸ்டஸ், அவன் மனைவி ஓமனா, என் மகன் அனிஷ், மருமகள் லிஜி, நேசபாய் ஆகிய நான். வேறு யாரும் இல்லை. நேரில் பார்த்ததுபோலப் பேசுகிறவர்கள் எவரும் கருங்கல் ஊரில் உள்ள எங்கள் வீட்டின் மாடிப்படியில் கால் வைத்தவர்கள் அல்லர்.

எங்கள் சபையின் பாடகர் குழுவுக்குத் தலைமை முதலில் எங்கள் தாத்தாவிடம் இருந்தது. பிறகு அப்பாவிடம், அவருக்குப் பிறகு ஜஸ்டஸிடம். பாட்டின் முதல் அடியைத் தலைவர் தனியாக எடுப்பதுதான் எங்கள் முறை. அவர் எடுக்கும்வரை மற்றவர்கள் வாய் திறப்பதில்லை. ஹார்மோனியமும் அவர் சுருதியைத் தேடிப் பிடித்துப் பின்னால்தான் வரும். வீட்டு ஜெபத்திலும் இப்படித்தான்.

அதனால்தான் ஜஸ்டஸுக்குக் காது மங்கியது சபையில் யாருக்கும் தெரியவில்லை. முதலில் எடுப்பவன் எதையும் கேட்டுவிட்டுப் பாட வேண்டியதில்லை. ஓமனாவுக்கும் எனக்கும் மட்டும் தெரியும். வெளியே தெரிந்தால் அந்த இடம் அடுத்த ஞாயிறே வேறு வீட்டுக்குப் போய்விடும்.

துபாயில் ஒலிப்பதிவு வேலை பார்த்த அனிஷ் 2011இல் ஊருக்குத் திரும்பினான். மாடி அறையில் ஸ்டூடியோ வைத்தான். குடும்பமே பாடும் கீர்த்தனைகளை முதல் சிடியாகக் கொண்டுவர வேண்டும் என்பது அவன் ஆசை. வாத்திய இசையை முன்னமே பதிந்து வைத்திருந்தான். பாடுகிற நான்கு பேரும் அதை ஹெட்போனில் கேட்டபடி பாட வேண்டும். நான்கு ஹெட்போனையும் மாட்ட ஓர் ஆம்ப்ளிஃபயர் வேண்டும். திருவனந்தபுரத்துக் கடையில் சொல்லி இரண்டைக் கொண்டுவந்தான். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பிவிடலாம்.

“இதுல நாலு பேருக்கும் தனித்தனித் திருகு உண்டும்மா. அவியவியளுக்கு வேண்டிய சத்தம் வச்சுக்கிடலாம். மற்றதுல ஒத்தத் திருகு. கூட்டினா எல்லாருக்கும் கூடும், குறச்சா எல்லாருக்கும் குறையும்” என்றான்.

“ஒத்தத் திருகு போதும்.”

“எல்லாருக்கும் காது ஒண்ணுபோலவா இருக்கும்?”

“ஒரே பாட்டுக்கு எதுக்குல ஆளுக்கொரு சத்தம்? ஓட்டல்ல ஆளுக்கொரு கறி சொல்லுக மாதிரி.”

லிஜி சிரித்தாள். “மாமி சொல்லியாச்சு. பின்ன அப்பீல் கிடையாது.”

தனித்தனித் திருகு என்றால் ஜஸ்டஸின் திருகு மட்டும் கடைசிவரை திரும்பி நிற்கும். ஒரு பார்வையில் அனிஷுக்குப் புரிந்துவிடும். அவனுக்குப் புரிந்தால் லிஜிக்குத் தெரியும். லிஜியும் அந்தப் பாடகர் குழுவில்தான் பாடுகிறாள்.

இரண்டு ஆம்ப்ளிஃபயரையும் பார்த்தபடி கூடவே நின்றிருந்த ஜஸ்டஸ் அன்று படியிறங்கும்போது என்னை நிறுத்தினான்.

“அக்கா, அனிஷ் சொல்லதையே வாங்கட்டு.”

“நீ சும்மா இரி. எதுக்குச் சொல்லுகேன்னு உனக்குத் தெரியாதா?”

“தெரியும். அவனுக்குத் தெரிஞ்சா தெரிஞ்சிட்டுப் போவட்டு. நம்ம பயதானே.”

“அப்பா நின்ன இடம்ல அது” என்றேன்.

மறைத்து மறைத்து அவன் சலித்துப்போயிருந்தான் என்று இப்போது தோன்றுகிறது. யாராவது ஒருவனுக்குத் தெரிந்துவிட்டால் போதும் என்று இருந்திருப்பான். அன்று எனக்கு அது கோழைத்தனமாகப் பட்டது.

பதிவு தொடங்கிய நாளில் நானே சொல்லிச் சத்தத்தை நன்றாகக் கூட்டி வைக்கச் செய்தேன். முதல் கீர்த்தனை ஒரே மூச்சில் முடிந்தது. ஜஸ்டஸின் குரல் அப்பாவின் குரலைப் போலவே இருந்தது. ஓமனா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

லிஜி ஹெட்போனைக் கழற்றிக் காதைத் தேய்த்தாள். “காது கிழிஞ்சு போச்சு. இம்பிடு சத்தமாவா வைக்கது?”

அனிஷ் திருகைக் குறைத்தான். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

இரண்டாவது கீர்த்தனைக்கு இசை தொடங்கியது. ஜஸ்டஸ் கண்ணை மூடிக் காத்து நின்றான். அவன் எடுக்க வேண்டிய இடம் வந்து கடந்துபோனது. முறைப்படி நாங்கள் மூவரும் வாய் திறக்காமல் அவனையே பார்த்தோம். அனிஷ் மறுபடியும் முதலிலிருந்து போட்டான். மறுபடியும் அதேதான். மூன்றாம் முறை ஜஸ்டஸ், கோயிலில் எடுப்பதுபோல, தானாகவே எடுத்துவிட்டான். இசை வேறு சுருதியில் வேறு இடத்தில் போய்க்கொண்டிருந்தது. அவன் மட்டும் கண்ணைத் திறக்காமல், முழுக் குரலில், தனியாகப் பாடிக்கொண்டிருந்தான்.

லிஜி வாயைப் பொத்திக்கொண்டாள். அனிஷ் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு அவன் தோளைத் தொட்டுச் சத்தமாகக் கேட்டான்.

“என்ன மாமா, வர வழியில ஒரு கிளாஸ் அடிச்சிட்டு வந்தியளா?”

அது விளையாட்டுப் பேச்சு. சிறு வயதிலிருந்தே மாமனிடம் அவன் அப்படித்தான் பேசுவான். ஆனால் ஜஸ்டஸ் சிரிக்கவில்லை. ஹெட்போனைக் கழற்றி நாற்காலியில் வைத்தான். என்னைப் பார்த்தான். நான் சொல்வேன் என்று எதிர்பார்த்தானா, சொல்லிவிடாதே என்றானா, இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

“அவனுக்குத் தொண்டை சரியில்ல” என்றேன்.

“ஆமா. தொண்டைதான்” என்று சொல்லிவிட்டு அவன் படியிறங்கிப் போனான். ஓமனா அவன் பின்னால் போனாள்.

அந்த வாரமே ஜஸ்டஸ் போதகரிடம் தலைமையை விட்டுக்கொடுத்தான். காரணம் சொல்லவில்லை. அதன் பிறகு கோயிலில் கடைசி வரிசையில் உட்கார்ந்தான். பாட்டுப் புத்தகத்தைக்கூடத் திறக்கமாட்டான். அனிஷ் தனித்தனித் திருகு உள்ளதை வாங்கி, வேறு ஆளை வைத்து சிடியை முடித்தான். பாடகர் குழுவில் லிஜி அனிஷின் விளையாட்டுப் பேச்சைச் சிரித்தபடி சொன்னாளாம். கேட்டவர்கள் சிரிப்பை விட்டுவிட்டுப் பேச்சை மட்டும் வெளியே கொண்டுபோனார்கள். அது என் காதுக்கும் வந்தது. மறுத்தால் உண்மையைச் சொல்ல வேண்டிவரும். ஜஸ்டஸ் உயிரோடு இருந்தவரை நான் மறுக்கவில்லை.

போன ஆண்டு அவனை அடக்கம் செய்த நாளில் கல்லறைத் தோட்டத்திலும் இரண்டு பேர் அதையே பேசிக்கொண்டு நின்றார்கள். குடித்துவிட்டு வந்து பாட்டைக் கெடுத்தான், அதனால்தான் தலைமை போனது என்று.

என் தம்பி ஜஸ்டஸ் அன்று குடித்திருக்கவில்லை. என்றுமே குடித்தவன் அல்லன். அவனுக்குக் காது கேட்காது.