படகில் என் பக்கம்

என் வீட்டுக்காரர் சிக்கனத்தில் கெட்டி. தேயிலையை ஒரே முறை கொதிக்கவைத்துவிட்டுக் கொட்டுகிறவர்களை ஊதாரிகள் என்பார். ஒரு தீக்குச்சியில் அடுப்பையும் விளக்கையும் ஏற்றிவிட்டு, மிச்சத்தைப் பல் குத்த எடுத்து வைத்துக்கொள்வார். அப்படிப்பட்டவர் தச்சுப் பட்டறையை மூடிவிட்டு ஒரு சின்னப் படகை வாங்கி, "இனிமே இதுதான் வீடு" என்றபோது நான் மயங்கி விழாததற்கு ஒரே காரணம், நான் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். மயங்கி விழுகிறவர்களைத் தூக்கித்தான் எனக்குப் பழக்கம்.

ஒரு வருடம் இருந்து பார்ப்பது, எனக்குப் பிடிக்கவில்லை என்றால் வாடகைக்கு விட்டிருக்கும் எங்கள் ஃப்ளாட்டுக்கே திரும்பிவிடுவது என்று பேச்சு.

படகு எங்கள் பழைய சமையலறை அளவுதான். அவர் நிமிர்ந்தால் தலை இடிக்கும். நான் அடுப்புப் பக்கம் போனால் அவர் கதவுப் பக்கம் நகர வேண்டும். கரையிலிருக்கும் குழாயில் பிடித்து, கேனில் சுமந்து வருகிற தண்ணீர் என்பதால் குளிக்க ஆளுக்கு நாலு குவளைதான். ஐந்தாவதுக்குக் கை நீட்டினால் வெளியிலிருந்து ஒரு கனைப்பு கேட்கும். சண்டை போட்டுவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார இன்னொரு அறை கிடையாது. கோபம்கூட அவர் எதிரிலேயே உட்கார்ந்துதான் பட வேண்டும்.

அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். பேச்சிலும் சிக்கனம் பிடிக்கிற ஆளை என்ன செய்வது? சாப்பாடு எப்படி என்றால் "ம்." மழை வருமா என்றால் "வரும்." நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் சொத்தா அழிந்துவிடும்?

வருடம் முடிகிற சமயத்தில் ஃப்ளாட்டில் இருந்தவர்கள் காலி செய்தார்கள். மகள் ஃபோன் பண்ணினாள்.

"பேசாம நீ ஃப்ளாட்டுக்கே வந்துடும்மா. அப்பாவுக்குப் படகு இருந்தா போதும். நீ இருக்கியா இல்லையான்னே அவருக்குத் தெரியாது."

விளையாட்டாகத்தான் சொன்னாள். எனக்குச் சுருக்கென்றது.

"ஃப்ளாட்டுல போய் இருந்து பாக்கறேன். பிடிச்சா அங்கயே இருந்துடுவேன்" என்று அவரிடம் சொன்னேன். போகாதே என்று ஒரு வார்த்தை வரும் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் பையைத் தூக்கிக் கரையில் வைத்துவிட்டு, "உன் இஷ்டம்" என்றார்.

ஃப்ளாட்டில் ராஜபோகம். குழாயைத் திறந்துவிட்டு ஆசை தீரக் குளித்தேன். கையையும் காலையும் நீட்டிப் படுத்தேன். கோபப்படுவதற்கென்றே மூன்று அறைகள் இருந்தன. யார்மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை. அந்த மனுஷன் ஒரு ஃபோன் பண்ணவில்லை. இருக்கட்டும், இனி ஃப்ளாட்தான் என்று முடிவு செய்தேன். அதை முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு, மிச்சத் துணிகளை எடுத்து வரலாம் என்று ஒரு நாள் காலையில் படகுக்குக் கிளம்பினேன்.

அவர் வாசலில் உட்கார்ந்து கயிறு முடிந்துகொண்டிருந்தார். நான் நேரே உள்ளே போனேன். படுக்கையில் என் பக்கம் முழுக்கத் தண்ணீர் நிரப்பிய கேன்கள் வரிசையாகப் படுத்திருந்தன. மேலே என் போர்வை.

"இது என்ன கூத்து?"

"நீ இல்லாம படகு என் பக்கம் சாயுது. தூக்கம் வரல."

"அதுக்கு இத்தனை கேனா? நான் என்ன அவ்வளவு குண்டா?"

யோசித்தார். இந்தக் கேள்விக்கு யோசிக்கக் கூடாது என்பது இத்தனை வருடக் குடித்தனத்தில் இன்னும் அவருக்குப் பிடிபடவில்லை.

"எடை சரியாத்தான் வந்துச்சு. ரசமட்டம் வெச்சுப் பாத்தேன், ஒரு நூல்கூட சாயல" என்றார். பட்டறையில் பலகை மட்டமாக இருக்கிறதா என்று பார்க்கிற கருவி அது. "அப்பவும் தூக்கம் வரல."

"ஏன்?"

கயிற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "கேன் என்னைத் திட்டாதுல்ல."

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கூடவே கோபமும்.

"இத ஃபோன்ல சொன்னா வாய் தேஞ்சா போயிடும்?"

"நீ அங்க நிம்மதியா இருப்பேன்னு நினைச்சேன்."

"நிம்மதியாத்தான் இருந்தேன். சகிக்கல."

அவர் கயிற்றைக் கீழே வைத்தார்.

"ஃப்ளாட்டுக்கு வேற ஆள் பாக்கச் சொல்லி உங்க பொண்ணுக்கு ஃபோன் பண்ணுங்க. நீங்கதான் பேசணும். ம், ஆமா, சரின்னு முடிக்கக் கூடாது."

ஃபோனை எடுத்துக்கொண்டு, படகில் எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரம் போய், எனக்கு முதுகைக் காட்டி நின்றார். மகள் ஏதோ கேட்டாள் போலிருக்கிறது. மெதுவாகச் சொன்னார்.

"அம்மா அங்க வரமாட்டா. எனக்கு அவ இங்க வேணும்."

நான் காது கேட்காத மாதிரி கேன்களை ஒவ்வொன்றாகக் கீழே இறக்கிக்கொண்டிருந்தேன்.