தேத்தண்ணியில் ஒரு காணி

விரல் தேத்தண்ணிக்குள் இறங்கி ஏறுகிறது, மேசைமேல் ஈரக்கோடு ஒன்று கிளம்பி நீளமாகப் போய், சட்டென்று மடங்கி, முழங்கை மடக்கியதுபோல் உள்ளே குழிந்து, மறுபடி வெளியே வந்து, தொடங்கிய இடத்திலேயே சேர்கிறது, அப்புறம் அந்தக் குழிவின் மூலையில் கட்டைவிரலால் ஒரு பொட்டு, காய்ந்ததும் அப்பா மறுபடி வரைவார், வரைந்துவிட்டு யோகராணியின் முகத்தைப் பார்த்து, நம்ம எடம் இருக்கா புள்ள, என்பார், பெற்ற மகளின் பெயர்கூட மறந்துபோன மனிதருக்கு இந்த ஒரு கேள்வி மட்டும் மறக்கவில்லை, இத்தனைக்கும் அந்த இடத்தை அவர் கண்ணால் கண்டதில்லை, பிறந்தது இலங்கையில், அட்டன் பக்கத்துத் தோட்டக் கூலிகளின் லயத்தில், கப்பலேற்றித் திருப்பி அனுப்பியபோது வந்து இறங்கியது கூடலூர்த் தேயிலைக்காட்டில், அவருடைய தாத்தா பெரியண்ணனுக்கு வேலாம்பட்டியில் காணி இருந்தது என்பதெல்லாம் லயத்துக் குளிரில் அடித்த கதை என்று சொந்தக்காரர்களே சிரித்தார்கள், இங்கேயும் சிலோன்காரன், அங்கேயும் கள்ளத்தோணி, ஊர் என்று சொல்லிக்கொள்ள அந்தக் கதையை விட்டால் வேறு என்ன இருந்தது அவருக்கு, கண்ணை மூடுவதற்குள் ஆமாம் என்றோ இல்லை என்றோ ஒரு பதில் சொல்லிவிட வேண்டும் என்றுதான் யோகராணி ராத்திரி பஸ் பிடித்து, மலையிறங்கி, வேலாம்பட்டிக்கான தாலுகா ஆபீசில் சர்வேயர் ரெஜினாவின் மேசைக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறாள்.

கேஸ் கீஸ் போடப் போறீங்களாக்கா, என்கிறாள் ரெஜினா, சந்தேகம் கண்ணில் தெரிகிறது, நிலம் வேணாம் மேடம், இருந்துச்சான்னு தெரிஞ்சா போதும், என்கிறாள் யோகராணி, ரெஜினா எழுந்து போகிறாள், வெள்ளைக்காரன் காலத்துப் பதிவேடு வருகிறது, புரட்டப் புரட்டப் பெரியண்ணன், பெரியண்ணன், அந்த ஊரில் பெரியண்ணன் இல்லாத பக்கமே இல்லை, இதுல எந்தப் பெரியண்ணன் உங்காளுன்னு நான் கண்டேன், சர்வே நம்பர் வேணும்க்கா, பேர வச்சுக்கிட்டு ஒண்ணும் ஆகாது, நம்பருக்கு ஒரு வயல், வயலுக்கு ஒரு படம், இந்தா இப்படித்தான், என்று அளவுப் படப் புத்தகத்தைத் திறந்து காட்டுகிறாள், பழுத்த தாள்கள், ஒவ்வொன்றிலும் ஒரு வயல், சதுரமாய், கோணலாய், வாலாய், யோகராணிக்கு ஒன்றும் பிடிபடவில்லை, கிளம்பிவிடலாம் என்று பையை எடுத்தவள் அடுத்த தாளில் அப்படியே நின்றாள்.

மனசுக்கு எட்டும் முன்னே விரல் போய்விட்டது, தொடாதீங்கக்கா, கிழிஞ்சிரும், என்றாள் ரெஜினா, யோகராணி கண்ணை மூடியிருந்தாள், விரல் தாளுக்கு மேலே காற்றில் போய்க்கொண்டிருந்தது, நீளமாய், மடங்கி, குழிந்து, வெளியே வந்து, கோடு எங்கே திரும்புகிறதோ அங்கே அதுவும் திரும்பியது, அவள் சின்னப்பிள்ளை, மழை தகரத்தில் இரைகிறது, தூக்கம் வரவில்லை, அப்பா அவள் முதுகில் இதைத்தான் வரைகிறார், வரைந்து வரைந்து தூங்கவைக்கிறார், அந்த அப்பாவே சின்னப்பிள்ளையாகி லயத்தில் குப்புறப் படுத்திருக்கிறார், அவர் முதுகில் பெரியண்ணனின் விரல், அதற்கும் முன்னால் வரப்பில் நடந்த பெரியண்ணனின் கால், படிக்கத் தெரியாத மனுசன், பத்திரம் இல்லை, நம்பர் தெரியாது, காணியையே மடித்து விரலில் வைத்துக்கொண்டு கடல் தாண்டியிருக்கிறானே, அம்மாடி, என்று வாய்விட்டுச் சொன்னாள், கண்ணைத் திறந்தபோது கட்டைவிரல் குழிவின் மூலையில் நின்றிருந்தது, அதற்கு நேர் கீழே தாளில் சின்னதாக ஒரு வட்டம், அது கெணறுக்கா, என்றாள் ரெஜினா, குரல் தணிந்து போயிருந்தது, நம்பரைப் பார்த்துப் பதிவேட்டைத் திருப்பினாள், பெரியண்ணன், என்று மெதுவாகப் படித்தாள்.

வேலாம்பட்டியில் கிணறு இருந்தது. சுற்றிலும் யாருடையதோ வெங்காயம், பறித்துக்கொண்டிருந்த பெண்கள் யாரு நீங்க என்றார்கள், தண்ணி வேணும் என்று மட்டும் சொல்லி, கையிலிருந்த பாட்டிலைக் கிணற்றில் நிரப்பிக்கொண்டாள், அந்தக் குழிந்த வரப்பில் நிற்கும்போது யாரோ தன் முதுகைத் தொடுவதுபோல் இருந்தது, திரும்பிப் பார்க்கவில்லை.

மலைமேல் மழை, அப்பாவின் மேசை, அதே டம்ளர், விரல் இறங்குகிறது, நம்ம எடம் இருக்கா புள்ள, இருக்குப்பா, நெசமாவே இருக்கு, இது தேத்தண்ணி இல்ல, நம்ம கெணத்துத் தண்ணி, என்கிறாள், விரல் டம்ளருக்குள்ளேயே நிற்கிறது, அப்பா குனிந்து உள்ளே பார்க்கிறார், வெகுநேரம் பார்க்கிறார், பிறகு விரலை எடுத்துவிட்டு, இரண்டு கையாலும் டம்ளரைத் தூக்கிப் பாதியைக் குடித்து, மீதியை அவள் பக்கம் தள்ளுகிறார், நீயும் குடி தாயி, அம்புட்டுத் தூரம் போயிட்டு வந்திருக்க. அவள் குடித்தாள். அன்றைக்கு முழுக்க மேசை காய்ந்தே கிடந்தது.