நாரிஸ் காதுக்கு ஏற்ற ஒலி

எங்கள் கம்பெனியின் வரலாறு என்று பளபளப்பாக ஒரு புத்தகம் வந்திருக்கிறது. க்ளெக் கிட்டார் ஆம்ப்ளிபயர்களின் அந்தக் கூர்மையான ஒலி 1967-ல் "நீண்ட ஆராய்ச்சிக்குப் பின்" கிடைத்ததாம். ஆராய்ச்சியாவது, மண்ணாங்கட்டியாவது. நாரிஸ் க்ரீன்ஹாலுக்குக் காது மந்தமானதால் வந்த ஒலி அது. கூடவே இருந்து பார்த்தவள் நான்.

வட இங்கிலாந்தில் எங்கள் ஊரான பர்ன்லியில் தறி ஆலைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்த காலம். வேலை போன பெண்கள் பதினோரு பேரை முதலாளி க்ளெக் ஒரே வாரத்தில் எடுத்துக்கொண்டார். விரல் வேகமாக ஓடும், வாயை மூடிக்கொண்டு வேலை பார்ப்பார்கள் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். முதல் பாதி சரி. தறிச் சத்தத்தில் குரல் எடுபடாது என்பதால் நாங்கள் உதட்டை அசைத்தே பேசிப் பழகியவர்கள். நாற்பதடி தள்ளி நிற்பவளிடம் சத்தமே இல்லாமல் ஒரு குடும்பச் சண்டையை முழுசாகச் சொல்லி முடிப்போம். மாடியில் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்திருந்த க்ளெக்கின் மூக்கையும் கஞ்சத்தனத்தையும் அவர் கண்ணெதிரேயே அலசுவோம்.

நாங்கள் வயர்களைப் பற்றவைத்து முடித்த ஆம்ப்ளிபயர் பெட்டி கடைசி அறைக்கு, நாரிஸிடம் போகும். கிட்டாரை மாட்டி முழுச் சத்தத்தில் வாசித்துப் பார்ப்பார். இரைச்சல் இருந்தால் திருப்பி அனுப்புவார். மேல்ஸ்வரங்கள் எவ்வளவு பளிச்சென்று கேட்க வேண்டும் என்பதைக் கடுகளவு கண்டன்சர் ஒன்று தீர்மானிக்கும். எதைப் போடுவது என்று காதால் கேட்டு அவரே முடிவு செய்வார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர் பேண்டில் கார்னெட் என்ற சின்ன பித்தளைக் குழல் ஊதுகிற மனிதர். அவர் காதை யார் சந்தேகிப்பார்கள்?

முதலில் கண்டுபிடித்தவள் எட்னா. பிப்ரவரியில் ஒரு நாள் எதிர் மேசையிலிருந்து உதட்டை அசைத்தாள். "டோரின், நாரிஸ் இப்பல்லாம் நம்ம கண்ணைப் பாத்துப் பேசறதில்லடி. வாயைத்தான் பாக்கறாரு."

தறிச் சத்தத்தில் எங்களில் பாதிப் பேர் அரைச் செவிடு. அந்தப் பார்வை எங்களுக்குத் தெரியாதா? டீ நேரத்தில் நேராகப் போய்க் கேட்டேன். அவர் மழுப்பவில்லை.

"டாக்டர் சொல்லிட்டாரும்மா. அந்தச் சத்தத்துலயே இருந்தா மிச்சமும் போயிடுமாம். அம்பத்தி நாலு வயசுல எனக்கு வேற எவன் வேலை குடுப்பான்? வெளிய சொல்லிடாத."

"சேச்சே, நாங்க எதுக்கு இருக்கோம்?" என்றேன். மேசைக்குத் திரும்பியதும் அவர் சொன்னதை ஒரு வரி விடாமல் எட்னாவுக்கு உதட்டால் ஒப்பித்தேன்.

அன்றிலிருந்து அவர் அறைக் கதவை நாங்கள் திறந்தே வைத்தோம். எங்களில் காது தேவலையாக இருந்தவள் எட்னாதான். அவர் வாசிப்பார், இவள் கேட்டு, "சுத்தம்" என்றோ "இரையுது" என்றோ உதட்டால் சொல்வாள். அந்தக் கண்டன்சரை மட்டும் அவர் யாரிடமும் கேட்கவில்லை. காது மங்க மங்க, மேல்ஸ்வரம் போதவில்லை என்று இன்னும் பெரிதாக ஒன்றைப் போட்டார். "பல்லு கூசுதுடி" என்பாள் எட்னா. இருந்தும் யாரும் அவரிடம் சொல்லவில்லை. மனசு கஷ்டப்படுவாரே என்று விட்டுவிட்டோம்.

நவம்பரில் லண்டன் கடை ஒன்றிலிருந்து கடிதம் வந்தது. இருநூறு பெட்டி வேண்டும், எல்லாம் சமீபத்தில் அனுப்பியவை போலவே ஒலிக்க வேண்டும். க்ளெக் நாரிஸை மாடிக்குக் கூப்பிட்டார். நாரிஸ் என்னையும் துணைக்கு அழைத்தார்.

"இருநூறு பெட்டிக்கு என்னால பொய் சொல்ல முடியாது டோரின். உண்மைய சொல்லிடறேன். வேலை போனா போகுது," என்றார் படியில்.

உள்ளே போனதும் உட்காரக்கூட இல்லை. "சார், அந்தச் சத்தம் நான் வேணும்னு பண்ணதில்ல. எனக்குக் காது கேக்கல. தூக்கறதுன்னா தூக்கிடுங்க."

 க்ளெக் சத்தமே இல்லாமல், எங்கள் ஆலைப் பெண்களின் அதே உதட்டசைவில் ஒரே வார்த்தை சொன்னார்: "தெரியும்."

இத்தனை நாள் அவர் கண்ணெதிரே நாங்கள் பேசியதெல்லாம் எனக்கு நினைவுக்கு வந்தது.

"எங்கம்மா முப்பது வருஷம் தறியில நின்னவங்க," என்றார், இப்போது குரலோடு. "உதடு படிக்கத் தெரியாதவனுக்கு எங்க வீட்ல சோறே கிடைக்காது. எட்னாகிட்ட சொல்லுங்க, இந்த மூக்கு எங்கப்பா வழி."

நான் சிரித்துவிட்டேன். அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்த நாரிஸும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"அப்ப என் வேலை சார்?"

"எங்கயும் போகல. கடைக்காரனுக்கு நீ போடற அந்தச் சத்தம்தான்யா வேணும்."

நாரிஸ் தலையாட்டினார். ஏதோ கணக்குப் போடுகிறவர் மாதிரி நின்றார். "எப்பலேருந்து தெரியும்?"

"டாக்டர் சொன்னதை டோரின் எட்னாகிட்ட உதட்டால ஒப்பிச்சாங்களே, அப்பலேருந்து."

"போன மாசம் கார்னெட்டைப் பெட்டியில வெச்சுப் பூட்டிட்டேன் சார். என் ஊதலு எனக்கே கேக்கல."

எனக்கு ஆத்திரம் பொங்கியது. முதலாளி என்றெல்லாம் பார்க்கவில்லை. "மிச்சமும் போயிடும்னு தெரிஞ்சே அந்த ரூம்ல விட்டு வெச்சீங்களா? நீங்கல்லாம் ஒரு மனுஷனா?"

க்ளெக் கோபப்படவில்லை. என் பக்கம் திரும்பி, குரல் இல்லாமல் கேட்டார்: "நீங்க?"

 நாங்கள் செய்தது உதவி என்றுதான் அந்த நிமிடம்வரை நினைத்திருந்தேன். அந்தக் கதவைத் திறந்து வைத்ததும் நாங்கள், அவரை உள்ளேயே வைத்திருந்ததும் நாங்கள். வெட்கமாக இருந்தது. நாரிஸ் க்ளெக்கின் உதட்டைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"யாராவது ஒருத்தர்," என்றார். தன் குரல் எவ்வளவு உரக்க வருகிறது என்று அவருக்குத் தெரியவில்லை. "யாராவது ஒருத்தர், போதும், வெளிய வாய்யான்னு சொல்லியிருக்கலாமில்ல?"

கீழே பத்துப் பெண்களும் கைவேலையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்கள்.